பாட்டனார் வந்த கப்பல் எது?

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிலிருந்து லாபிசுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சிறு நகரம் சாஆ. தமிழில் எழுதுங்கால் அளபெடை போலத் தோன்றும் இப்பெயர், உரோமன் எழுத்தில் நடுவே மேற்குறி இட்டும் இடாமலும் இருவகையாக எழுதப்பட்டு வருகின்றது. ஊரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரங்கள். இன்று பெரும்பாலும் செம்பனை. அங்குள்ள முதியவர் ஒருவரை நோக்கி, "தங்கள் பாட்டனார் எங்கிருந்து வந்தார்?" என்று வினவினால், "சேலம் பக்கம்" என்றோ "திருச்சி ஜில்லா" என்றோ விடை வரும். எந்தக் கிராமம் என்றால் சற்று யோசிப்பார். எந்த ஆண்டு என்றால், "வெள்ளைக்காரன் காலம்" என்பார். எந்தக் கப்பல் என்று கேட்டால் மட்டும் தயக்கமே இராது. "ரஜூலா" என்பார்.

ரஜூலா 1926 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே 1973 வரை ஓடியது. ஆகவே, 1915 இல் வந்த ஒருவரை அஃது ஏற்றி வந்திருக்க இயலாது. குடும்ப நினைவு வேண்டுமென்றே பொய் கூறுவதில்லை. பாட்டனார் இடையில் ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பியிருப்பார். அந்தப் பயணக் கதை முதற் பயணத்தின் கதையோடு கலந்து ஒன்றாகியிருக்கும். அல்லது, அயல்வீட்டார் எல்லாரும் அக்கப்பலின் பெயரைச் சொல்லக் கேட்டு, இவர் வீட்டிலும் அதுவே நிலைத்திருக்கும். வேர் தேடப் புகுவோர் முதலில் அறிய வேண்டுவது இதுதான்: வாய்மொழிச் செய்தி தொடக்கத்திற்கு உதவும், முடிவுக்கு ஏடு வேண்டும்.

அந்த ஏடு மலாயாத் தமிழர்க்கு எங்கே உள்ளது?

இவ்வினாவின் கடுமையை உணர, கடல் கடந்த பிற தமிழர் நிலையை நோக்குதல் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, 1860 நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் முதற் கூலியாட்களை ஏற்றிச் சென்று சேர்ந்தது. 1911 வரை அந்நாட்டிற்குச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தின் வழிச் சென்றவர்கள். அவ்வளவு பேருக்கும் தனித்தனி எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு முதலிய அடையாளங்கள் எல்லாம் கப்பற் பட்டியலில் எழுதப்பட்டன. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை சென்ற அறுபதாயிரத்திற்கு மேற்பட்டோர்க்கும் இத்தகைய குடிபெயர்வுச் சீட்டு உண்டு. தமிழ்நாட்டார் சென்றது 1903 முதல். மொரீசியசில் இன்னும் ஒருபடி மேலாக, 1860களிலிருந்து குடியேறியோரின் நிழற்படங்களையும் எடுத்து வைத்தனர். மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவை காக்கப்படுகின்றன. டர்பனில் வாழும் ஒருவர், தம் பாட்டியின் எண்ணை அறிந்தால் போதும். அவர் பிறந்த கிராமத்தின் பெயரை, எழுத்துப் பிழையோடேனும், ஒரு பிற்பகலிற் கண்டுகொள்ளலாம்.

மலாயாவுக்கு வந்தோர் தொகை இவற்றினும் மிகுதி. கெர்னியல் சிங் சந்து என்னும் அறிஞர் 1969 இல் வெளியிட்ட தம் நூலில், 1844 முதல் 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் என்றும், கங்காணி முறையில் 1938 வரை வந்தோர் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் என்றும் கணக்கிட்டுள்ளார். பன்னிரண்டு இலட்சம் பேர் வந்த வழியில், நேட்டாலைப் போல ஆளுக்கோர் எண் இட்ட தொடர்ப் பதிவேடு இல்லை.

இதன் காரணம் சிந்திக்கத்தக்கது. ஒப்பந்தக் கூலி ஐந்தாண்டுக்கோ மூன்றாண்டுக்கோ கட்டுப்பட்டவன். ஓடிப்போனால் அவனைப் பிடித்து வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் வேண்டும், தந்தை பெயர் வேண்டும், முகத்துத் தழும்பு வேண்டும். அக்காலத்து எழுத்தர் தழும்பை எழுதியது பேரன் தேடி வருவான் என்பதற்காக அன்று. கங்காணி முறையிலோ, குறிப்பாக 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பின்னர், பயணச் செலவு பொதுநிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. தோட்டத்து முதலாளிகள் தத்தம் இந்தியத் தொழிலாளர் வேலை செய்த நாட்களுக்கு ஏற்ப அந்நிதிக்கு வரி செலுத்தினர். வந்தவன் சட்டப்படி ஒப்பந்தத்திற் கட்டுண்டவன் அல்லன். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். ஆகவே, அரசுக்கும் நிதிக்குழுவிற்கும் தேவைப்பட்டது தலைக்கணக்கு. ஆண் இத்தனை, பெண் இத்தனை, சிறுவர் இத்தனை, இந்த மாதம் நாகப்பட்டினம் வழி இத்தனை, சென்னை வழி இத்தனை என்று அறிக்கைகள் பேசும். பெயர் பேசா. சட்டத்தின் கண்ணில் உரிமை மிகுந்தவனாக வந்தவன், வரலாற்றின் கண்ணில் பெயரற்றவனானான். நடைமுறையில் அவ்வுரிமை எவ்வளவு இருந்தது என்பதைத் தோட்டத்திற் பிறந்தோர் அறிவர்.

எழுத்தே நடைபெறவில்லை என்று கொள்ளலும் தவறு. கங்காணி என்பவன் தோட்டத்தில் வேலை செய்த ஆள். துரை அவனைத் தன் ஊருக்கு அனுப்பி ஆள் பிடித்துவரச் சொல்வார். அதற்கு அவனிடம் உரிமச்சீட்டு இருத்தல் வேண்டும். ஊரில் சேர்த்த ஆட்களைக் கிராம முன்சீப்பு முன் நிறுத்தி, இவர் விரும்பியே செல்கின்றார், தடையில்லை என்று ஒப்பம் பெறுதல் வேண்டும். பின்னர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கவைத்து, அம்மை குத்தி, அதிகாரி முன் நிறுத்திக் கப்பலேற்றுவர். பினாங்குக்கு அருகில் ஜெரெஜாக் தீவிலும், பிற துறைகளிலும் நோய்த்தடுப்பு முகாமில் சில நாட்கள். ஆக, ஒவ்வொருவர் பெயரும் மூன்று நான்கு இடங்களில் ஒலித்திருக்கும்; ஓரிரண்டு இடங்களில் எழுதப்பட்டும் இருக்கும். அத்தாள்கள் வேலை முடிந்தவுடன் வேண்டாதவையாகிவிட்டன. 1938 ஜூன் 15 இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்து நிறுத்திய பின், முகாம்களுக்கே வேலை குறைந்தது. கிராம முன்சீப்பு, கணக்குப்பிள்ளை முதலிய பரம்பரைப் பதவிகளும் தமிழ்நாட்டில் 1980 இல் ஒழிந்தன.

சாஆவைச் சுற்றிய பகுதிக்கு இது முழுதும் பொருந்தும். ஜொகூர் மாநில இருப்புப்பாதை 1909 இல் முடிவுற்ற பின்னரே பேகோக், லாபிஸ் முதலிய நிலையங்களையொட்டிய உட்பகுதிகள் பெருந்தோட்டங்களுக்கு எளிதாயின. அதற்கடுத்த ஆண்டிலேயே ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. எனவே, இப்பக்கத்துத் தமிழரின் மூதாதையர் பெரும்பாலும் கங்காணியோடு வந்தவர்களே.

மேலைநாட்டில் வேர் தேடும் கலையைப் பெரிதும் வளர்த்தவர் அயர்லாந்து மக்களின் வழித்தோன்றல்கள். 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறினர். அவர்தம் பேரர்க்கும் நம்மவர்க்குமுள்ள இடர் ஒன்றே. டப்ளின் நகரத்துப் பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 ஆம் நாள் உள்நாட்டுப் போரில் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிமதிப்பு ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. அதன்பின் 1891 வரை எடுத்தவை அரசின் ஆணையாலேயே முன்னரே அழிக்கப்பட்டிருந்தன. முழுமையாக எஞ்சியவை 1901, 1911 ஆகிய இரு ஆண்டுகளின் ஏடுகளே.

ஏடு எரிந்ததென்று அவர்கள் வாளாவிருக்கவில்லை. நில வரிக்காக 1847 முதல் 1864 வரை கிரிபித் என்பார் தலைமையில் தொகுத்த மதிப்பீட்டு ஏட்டில் குத்தகைதாரர் பெயர்கள் இருந்தன. அதனைக் குடிமதிப்புக்கு மாற்றாக ஆண்டனர். தேவாலயங்களின் திருமுழுக்கு ஏடுகளைத் தேடினர். 2022 இல், எரிந்த காப்பகத்து ஏடுகளின் படிகள் உலகின் பிற நூலகங்களில் எங்கெங்கே உள்ளன என்று தேடித் திரட்டிக் கணினி வழிப் பார்க்குமாறு அமைத்துள்ளனர். அயர்லாந்தில் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகள் உண்டு. பாட்டன் பிறந்த அச்சிறு பிரிவின் பெயர் தெரிந்தால் கதவு திறக்கும். மாவட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் திறவாது. "சேலம் பக்கம்" என்பதும் அத்தகைய விடையே.

எனவே, கப்பலிலிருந்து தொடங்குதல் மலாயாத் தமிழர்க்குப் பயன் தராது. இந்தக் கரையிலிருந்து, தன்னிடமிருந்து, பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாகச் செல்ல வேண்டும்.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆகவே வழிமுறை தேடல் அரிது என்று கூறுவோர் உளர். ஒருபுறம் அஃது உண்மையே. ஆனால் நம் பெயரிடு முறையில் ஒரு நன்மையும் மறைந்துள்ளது. பிறப்புப் பத்திரத்தில் ஒருவர் பெயரோடு தந்தை பெயரும் வருகிறது. தந்தையின் பத்திரத்தில் பாட்டனார் பெயர். மூன்று தாள்கள் தொடர்ந்து கிடைத்தால் நான்கு தலைமுறை கிடைத்துவிடும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மட்டுமே இடர். தாயின் பெயரையும் தாயின் தந்தை பெயரையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். உறவுக்குள் பெண் கொடுத்து வாங்கும் வழக்கத்தால், தாய்மாமன் ஊரும் தந்தை ஊரும் அடுத்தடுத்து இருப்பது பெரும்பான்மை. தந்தைவழி அடைத்துக்கொண்டால் தாய்வழி திறக்கக் கூடும்.

பிறப்புப் பத்திரத்திற்கு அடுத்தபடி அடையாளக் கார்டு. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948 இல், பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உடைய அனைவரையும் அரசு பதிவு செய்தது. இந்தியாவிற் பிறந்து வந்த பாட்டனார்கள் பலர்க்கு, தம் வாழ்நாளில் நிழற்படத்தோடு கூடிய முதல் ஏடு அதுவே. அதில் எழுதிய வயது பெரும்பாலும் மதிப்பீடு என்பதை மறவாதிருத்தல் வேண்டும். வயது சொல்லத் தெரியாதவரைப் பார்த்து எழுத்தர் ஓர் ஆண்டை எழுதுவார். பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு பிறந்தவன், பெரியவன் பிறந்து மூன்று ஆடி கழிந்து பிறந்தவன் என்பன போன்ற கணக்குகளை எல்லாம் எந்த எழுத்தர் இருந்து கேட்பார்?

1953 முதல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் தேடுவோர்க்கு ஒரு வகையில் உதவி செய்தது எனலாம். அதன்பின் ஊருக்குப் போய்த் திரும்ப விரும்பியவர்க்குக் கடவுச்சீட்டும் மீள்நுழைவு அனுமதியும் தேவைப்பட்டன. முதன்முறை வந்தபோது கங்காணியின் பின்னே பெயரின்றி வந்தவர், முப்பது ஆண்டு கழித்து, தங்கை மகள் திருமணத்துக்குப் போய் வந்தபோது பிறந்த ஊர், நிழற்படம், கைரேகை எல்லாவற்றோடும் ஏட்டில் ஏறினார். அச்சீட்டுகள் பல வீடுகளில் தகரப்பெட்டியின் அடியில் இன்றும் கிடக்கின்றன.

தகரப்பெட்டியை முற்றும் கவிழ்த்துப் பார்த்தல் நன்று. ஏனெனில், அரசுக் காப்பகத்தில் இல்லாத ஒன்று அதில் இருக்கலாம்: மணியார்டர் இரசீது. ஊருக்குப் பணம் அனுப்பியவர் பெறுவோர் முகவரியைக் கிராமம், அஞ்சல், தாலுகா, ஜில்லா என முறையாக எழுதியே ஆக வேண்டும். இல்லையேல் பணம் போய்ச் சேராது. வாய்மொழியில் "சேலம் பக்கம்" என்று சொன்ன அதே பாட்டனார், பணம் அனுப்பும்போது தெருவரை தெளிவாகச் சொல்லி எழுத வைத்திருப்பார். ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறை இருந்தால், அதன் அஞ்சல் முத்திரையைப் பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கிராமத்தின் பெயர் அழிந்திருந்தாலும் அஞ்சல் நிலையத்தின் பெயர் தெரிந்தால், தேட வேண்டிய ஊர்கள் பத்துக்குள் அடங்கும்.

மற்றொன்று குலதெய்வம். தோட்டத்துக் கோயிலில் மாரியம்மனும் முனீசுவரனும் எல்லார்க்கும் பொது. வீட்டுக்குள் படையலிடும் தெய்வத்தின் பெயர் தனி. பெரியண்ணசாமி என்றால் கொல்லிமலையைச் சூழ்ந்த ராசிபுரம், நாமக்கல், துறையூர், முசிறிப் பக்கங்களை முதலில் நோக்கலாம். பச்சையம்மன் என்றால் வட மாவட்டங்கள். இது கிராமத்தைக் காட்டிவிடும் என்று எண்ணலாகாது. இரண்டு மூன்று தாலுகாக்களுக்குள் கொண்டு நிறுத்தும். சில குடும்பங்கள் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து இங்கே தெய்வத்தை நிலைநாட்டின. மண் எடுத்த கோயில் எது என்ற செய்தி, பெயர்களை மறந்த வீட்டிலும் மறவாமல் இருப்பதுண்டு. பழைய மணி, குத்துவிளக்கு, கல் ஆகியவற்றில் 'உபயம்' என்று வெட்டிய எழுத்துகளையும் படித்தல் வேண்டும். கொடுத்தவர் பெயரோடு சொந்த ஊரும் சிலவற்றில் வெட்டப்பட்டிருக்கும்.

அவ்வாறு வெட்டியவர் பெரும்பாலும் கங்காணியாகவோ தண்டலாகவோ இருப்பர். தொழிலாளியைத் தேடிக் கிடைக்காதபோது கங்காணியைத் தேட வேண்டும். அவன் தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும், உறவினரிடையேதான் ஆள் திரட்டினான். ஒரு லயத்தில் வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் ஒரே கங்காணியோடு வந்தவையாயின், ஒன்பது குடும்பத்தார் மறந்த ஊரைப் பத்தாவது குடும்பம் நினைவில் வைத்திருக்கும். கங்காணியின் வழியினர் சற்று வசதி படைத்தவராகையால் ஊரோடு தொடர்பு அறாமல், நிலப்பத்திரம், கடிதம் முதலியவற்றை வைத்திருத்தலும் உண்டு. தன் வீட்டுக் கதையை மட்டும் துருவிக்கொண்டிருப்போர் இவ்வழியைத் தவறவிடுகின்றனர்.

ஏடு கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடலாகாது. அமெரிக்காவின் எல்லிஸ் தீவு நுழைவு நிலையம் 1892 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டபோது முதலாவதாகப் பதிவானவள் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து இளம்பெண் அன்னி மூர். அவள் டெக்சாசுக்குச் சென்று வாழ்ந்து மறைந்தாள் என்று பல்லாண்டு காலம் எழுதியும் பேசியும் வந்தனர். அக்குடும்பத்தாரும் பெருமையாக ஏற்றனர். மேகன் சுமோலெனியாக் என்னும் ஆராய்ச்சியாளர் 2006 இல் ஏடுகளை ஒப்பிட்டு, டெக்சாசுப் பெண் அமெரிக்காவிலேயே பிறந்த வேறோர் அன்னி மூர் என்றும், உண்மையானவள் நியூயார்க்கை விட்டு அகலாது ஏழ்மையில் வாழ்ந்து 1924 இல் இறந்து, பெயர்க்கல்லும் இல்லாத குழியில் அடக்கம் செய்யப்பட்டவள் என்றும் நிறுவினார். உலகமே அறிந்த பெண்ணின் வழியிலேயே இப்பிழை நேருமாயின், முனியாண்டி, இராமசாமி, மாரியாயி, இலட்சுமி என்று ஆயிரக்கணக்கானோர் ஒரே பெயர் தாங்கிய நம்மிடையே எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்? இலட்சுமி என்னும் ஒரு பெயரே லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி எனக் கிராணியின் செவிக்கும் கைக்கும் ஏற்ப வேறுபடும். ழகரம் வந்த பெயர்களின் கதி சொல்ல வேண்டுவதில்லை. பெயர் ஒன்று பொருந்தினால் போதாது. தந்தை பெயர், தோட்டம், உடன்பிறந்தார், ஏறத்தாழ வயது என மூன்று நான்கு செய்திகள் ஒருங்கே பொருந்த வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் மாவட்ட எல்லைகள் மாறிய கதை குறுக்கிடும். பாட்டனார் சொன்ன தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கும். அவர் சொன்ன சேலத்துக்குள் 1965 இற் பிரிந்த தருமபுரியும் 1997 இற் பிரிந்த நாமக்கல்லும் அடங்கும். வடஆர்க்காடு, தென்னார்க்காடு என்னும் பெயர்களே வழக்கில் இல்லை. ஊர் தெளிவானபின், வட்ட அலுவலகத்தில் நிலவரித் திட்டப் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் பார்க்கலாம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு பற்றிய அரசாணைகளைக் காணலாம். நிலப் பதிவேடு நிலமுடையவனையே அறியும். மலாயாவுக்கு வந்தவருள் பெரும்பாலோர் கையளவு நிலமும் இல்லாமையால் வந்தவர் என்பதை நினைவிற்கொள்க. அவர்களுக்குத் தமிழகத்து ஏட்டினும் அவ்வூர் மூதாட்டி ஒருவரின் நினைவே பெரிது. கிறித்தவக் குடும்பத்தினர்க்கு இங்கு ஒரு நற்பேறு உண்டு: திருமுழுக்கு, திருமண ஏடுகள் இரு கரையிலும் காக்கப்பட்டுள்ளன.

வேர் தேடுவோருட் சிலர், பாட்டனார் பெருநிலக்கிழார் என்றோ உயர்ந்த குடியினர் என்றோ கண்டு மகிழ விரும்பியே புறப்படுகின்றனர். கப்பலில் கால் வைத்தபோது பலர் விட்டொழிக்க எண்ணியது எதுவோ அதனையே பேரன் மீண்டும் தேடி எடுத்துத் தலையிற் சூடுதல் நகைப்புக்குரியது. இதற்காக ஏடு தேடுதல் ஏட்டுக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு.

தேடலை முறிக்கும் பெரும் பள்ளம் ஒன்று 1942 க்கும் 1945 க்கும் இடையில் உள்ளது. 1942 ஜனவரியில் சிகாமட், லாபிஸ், யோங் பெங் வழியே பிரிட்டிஷ் படை பின்வாங்கியது; சாஆ அவ்வழியிலேயே இருக்கிறது. துரைமார் தோட்ட அலுவலகங்களை விட்டு அகன்றனர். செக்ரோல் ஏடுகள் எரிந்தவை எரிந்தன, அடுப்புக்குப் போனவை போயின. அடுத்துச் சயாம்–பர்மா இரயில்பாதை வந்தது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், படைவீரர் பெயர் பொறித்து, புல் வெட்டிப் பேணப்படுகின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மடிந்த பல்லாயிரம் தமிழர்க்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை. "சயாமுக்குப் போனார், திரும்பவில்லை" என்பதே அவர்களின் இறப்புச் சான்று. அக்குடும்பத்துப் பிள்ளைகளைச் சிற்றப்பனோ மாமனோ வளர்த்தனர். பள்ளியிலும் பத்திரத்திலும் வளர்த்தவர் பெயரே தந்தை பெயராக ஏறியதுண்டு. அத்தகைய இடத்தில் ஏடு சரியாக இருந்தும் வழி தவறாகும். 1943 ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் ஏட்டை இந்த ஐயத்தோடே அணுக வேண்டும்.

போருக்குப் பின் வேறொரு சிதைவு. ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்க, வாங்கியவர் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். தோட்டம் துண்டானபோது அலுவலக ஏடுகளுக்கு உடையவர் இல்லாமற் போயிற்று. பெரிய நிறுவனங்களின் ஏடுகள் சில இலண்டனைச் சேர்ந்தன: ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு ஏடுகள் இலண்டன் மாநகரக் காப்பகத்திலும், கத்ரி நிறுவனத்தின் ஏடுகள் கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்திலும் உள்ளன. அவற்றில் இலாபக் கணக்கும் இறாத்தல் கணக்கும் துரைமார் பெயரும் நிறைய உண்டு. பால்மரம் வெட்டியவன் பெயரை அங்கே தேடிப் பயணம் செய்தல் வீண் செலவு.

இதெல்லாம் ஓய்வுக்காலத்துப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூற வேண்டும். சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்து மறைந்த தோட்டத்து முதியோர் எத்தனை பேர்! இந்நாட்டிலேயே பிறந்தும் பிறப்பைப் பதியாமையால் ஏதிலியாய் நிற்போர் இன்றும் உளர். 1982 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டப்படி பதிவு செய்யாது, கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற இணையருக்குப் பிள்ளை பிறந்து, தாய்க்குக் குடியுரிமைத் தாளும் இல்லையாயின், தந்தை குடிமகனாயிருந்தும் அப்பிள்ளைக்குக் குடியுரிமை பெறுதல் பெரும்பாடு. அப்போது அலுவலர் கேட்பது என்ன? அன்னை எங்கே பிறந்தார், பாட்டி யார், எந்தத் தோட்டம், சான்று எங்கே என்பதே. வேர் தேடுவோன் கேட்கும் அதே வினாக்கள். இந்தியாவின் கடல்கடந்த குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிப்போரும், தம் முன்னோர் இந்தியர் என்பதைத் தாள் கொண்டே மெய்ப்பிக்க வேண்டியவராகின்றனர்.

இவ்விரு தேவைக்கும் உதவக்கூடிய ஏடு ஒன்று தமிழாசிரியர் கைக்கு மிக அருகில் உள்ளது. அது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பத்தும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்த காலமுதல், கொட்டகையோ கூடமோ, எங்கே பள்ளி நடந்தாலும் அப்பதிவேடு இருந்தது. பிள்ளையின் பெயர், தந்தை அல்லது பாதுகாவலர் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியன அதில் வரும். பெயரைத் தமிழறிந்தவர் தமிழில் எழுதினார் என்பது அதன் தனிச் சிறப்பு. பிறப்புப் பத்திரத்தில் கிராணி சிதைத்த பெயரை, ஆசிரியர் ஏடு திருத்தமாகத் தாங்கி நிற்கும். தந்தை என்ற இடத்தில் பாதுகாவலர் பெயர் இருந்தால், சயாமுக்குப் போன தந்தையின் சுவடு அந்த ஒரு சொல்லிலே கிடைக்கும். பிள்ளை எந்தத் தோட்டத்துப் பள்ளியிலிருந்து வந்தது என்னும் குறிப்பு, குடும்பம் இடம் பெயர்ந்த வழியைக் காட்டும். அரசுக் காப்பகங்களில் இத்துணைத் தெளிவான தாள் தோட்டத்துப் பிள்ளைக்கு வேறில்லை எனலாம்.

1957 இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது 530 அளவில் உள்ளன. மறைந்தவை சில மூடப்பட்டன. சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. தோட்டத்தின் பெயரைத் தாங்கியபடியே நகரத்துக்கு இடம் மாறிய பள்ளிகளும் பல. சாஆவைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இம்மாற்றங்கள் நேர்ந்துள்ளன. மூடிய பள்ளியின் பதிவேடு இணைந்த பள்ளியின் அலமாரியில் இருக்கலாம். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருக்கலாம். கறையானுக்கு இரையாகியும் இருக்கலாம். தேடப் புகுவோர் கோலாலம்பூர்க் காப்பகத்துக்குப் பேருந்து ஏறுமுன், அப்பள்ளியில் இறுதியாகப் பணிபுரிந்த தலைமையாசிரியர் எங்கே வாழ்கிறார் என்று விசாரித்து அறிதல் நன்று. சாவி யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதை அவரே அறிவார்.